வாலுவின் கிருமி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

"என் சுகம் இருக்கட்டும், உன் கதையைச் சொல்லுடா" என்பாய். சொல்கிறேன். பஸ் படிக்கட்டில் கிழிந்த வலது கால் ஆறவே இல்லை. கொடுத்த மருந்தையெல்லாம் கிருமி மென்று துப்பிவிட்டது. பஸ் ஓட்டுகிறவனுக்குப் பிரேக் மிதிக்கிற கால், அக்கா! நீதான் உலோகத்தில் மருந்து செய்கிறவளாயிற்றே. டாக்டர் என் சீழை உன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். ஒரு கை பார்.

உன் வாலு

பிப்ரவரி 19

என் செல்ல வாலு,

கிருமி வந்தது. டப்பாவில் உன் பெயரையே எழுதினேன், அதுவும் அடங்காப்பிடாரிதான்.

காலியம் என்று ஓர் உலோகம், உள்ளங்கைச் சூட்டிலேயே உருகும். கிருமிக்கு இரும்பு இல்லாமல் பிழைப்பு இல்லை. காலியத்தை இரும்பென்று நம்பி விழுங்கும், அப்புறம் வளர முடியாது. அதை வைத்து நாங்கள் புதிதாகச் செய்த மருந்தில் ஒரு சொட்டை உன் கிருமி மேல் விட்டேன். இன்று காலை கிருமி வளர்த்த தட்டைத் திறந்தால், சுற்றிலும் கிருமி மண்டிக் கிடக்க, நடுவே சட்டைப் பொத்தான் அகலத்துக்குத் துல்லியமான வட்டம். அதற்குள் ஒன்றுகூட இல்லை! "அடேயப்பா!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரியும் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டதுடா.

அக்கா

பிப்ரவரி 26

அக்கா,

உன் கடிதத்தை வார்டு முழுக்கப் படித்துக் காட்டினேன். மருந்தை உடனே அனுப்பு. காலை எடுக்க நாள் குறிக்கப் போகிறார்கள்.

வாலு

மார்ச் 2

தம்பி,

அனுப்ப மாட்டேன். எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்காத மருந்து. உன் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. கால் போனாலும் நீ இருப்பாய். நீ போனால் நான் என்னடா செய்வேன்? எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

கால் போய்விட்டது. இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். அப்புறம் நீ போட்ட கடிதங்களைப் பிரிக்கவே இல்லை.

நேற்று கட்டு மாற்றப் போனேன். என் பழைய கட்டிலில் ஒரு டீச்சரம்மா. கையில் இதே மாதிரி அடங்காத கிருமி. வார்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "உங்க அக்கா மருந்து எப்ப வரும் தம்பி?" என்றார். "வரும்மா. என் கிருமி அங்கதான் பாடம் படிச்சிட்டிருக்கு" என்றேன். சொன்ன பிறகு கோபத்தைத் தேடிப் பார்த்தேன், காணோம்.

அந்தக் கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறதா? பட்டினி போட்டுவிடாதே. எனக்கு அந்த வட்டத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அக்கா. ஊன்றுகோலோடு வருகிறேன். உங்கள் கட்டடத்தில் படிக்கட்டு அதிகமா?

உன் வாலு