எந்தக் கம்பஸ் டொக்டர்?

ஒக்டோபர் 6, திங்கள்
காத்தே இல்லை. புழுக்கம். கடல் தகடு மாதிரிக் கிடக்கு.
கம்பஸுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியாச்சு. ஏ.எல். சோதனையில என்ர இசட் ஸ்கோருக்கு, மன்னார் கோட்டாவில மெடிசின் வருமாம். எதை முதலாவதாப் போடுறது எண்டதுதான் வீட்டில சண்டை. போனில கம்பஸ் ரேங்க் லிஸ்ட் மூண்டு பாத்தன். ஒண்டில கொழும்பு மேல, ஒண்டில பேராதனை. மூண்டாவதில ரெண்டையும் தேடித்தான் பிடிச்சன். அம்மாவுக்கு யாழ்ப்பாணம், கிட்ட எண்டதால. அப்பாவுக்கு எது மேல இருக்கோ அது.
"எங்கட ஒழுங்கையில முதல் டொக்டர் நீ. கீழ இருக்கிற இடத்துக்கு ஏன் போவான்?"
அப்பா சனிக்கிழமை லொறிக்கு மீன் ஏத்தேக்க திருக்கை முள் மிதிச்சவர். இன்னும் நோகுதாம். சீனி வருத்தக்காரர், மஞ்சளைப் பூசிக்கொண்டு திரியிறார்.

7, செவ்வாய்
கணுக்கால் வீங்கி மினுங்குது. அம்மா அழுததால ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனம்.
இளம் டொக்டர். காலைக் கையில ஏந்தி அமத்தி அமத்திப் பாத்தார். சிவந்த இடத்தைச் சுத்திப் பேனையால கோடு போட்டார்.
"ஐயா, இண்டைக்கே வார்ட்டில நிக்கோணும்."
அப்பா: "தம்பி எந்தக் கம்பஸ்?"
வெளிநாட்டுக் கம்பஸ் ஒண்டின்ர பேர் சொன்னார். அப்பா என்னைப் பாத்தார். "அது எத்தினையாம் இடம், பிள்ளை?"
தேடினன். மூண்டு லிஸ்டிலயும் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லிப்போட்டன். டொக்டருக்கு முன்னால.
வார்ட்டில நிக்கமாட்டன் எண்டு அப்பா கையெழுத்து வைச்சிட்டு வெளிக்கிட்டார். வெள்ளிக்கிழமை கொழும்பில இருந்து பெரிய டொக்டர் வாறாராம், சனல் பண்ணட்டாம். தனியார் ஆஸ்பத்திரியில காசு கட்டி நேரம் எடுத்தன்.
இளம் டொக்டர் வாசல்மட்டும் வந்தார். "தங்கச்சி, கோட்டைப் பாத்துக்கொண்டிருங்கோ. சிவப்பு தாண்டினா ஒருத்தரையும் கேளாதேங்கோ, கொண்டாங்கோ."

8, புதன்
காலமை, சிவப்பு கோட்டில முட்டி நிக்குது. மத்தியானம், கொஞ்சம் வெளியில. அப்பாவுக்குக் காட்டினன்.
"மை ஊறியிருக்கு. நாளையிண்டைக்குத்தானே சனல்."
கடையில ஆரோ: "டொக்டர் வீட்டிலயே இருக்கேக்க என்ன பயம்?" எல்லாரும் சிரிச்சினம். பாண் வாங்கினதுக்கு மிச்சக் காசு எடுக்க மறந்து வந்திட்டன்.
லிஸ்டுகளைத் திரும்பப் பாத்தன். ஆராய்ச்சி எத்தினை, பேராசிரியர் எத்தினை, வெளிநாட்டுப் பிள்ளையள் எத்தினை. நோயாளியைத் தொட்டுப் பாக்கிறதுக்கு ஒரு நிரலும் இல்லை.
பின்னேரம் காய்ச்சல். கால் கிட்டப் போனா ஒரு மணம். அம்மா சாம்பிராணி போட்டா. அதுக்கும் மேலால வருது.

9, வியாழன்
கோடு இப்ப ஆருக்கும் தேவையில்லை. சிவப்பு கெண்டைக்காலில, நடுவில கறுப்பு. அப்பா நடுங்கிறார், என்னைத் தன்ர தங்கச்சியின்ர பேர் சொல்லிக் கூப்பிடுறார். செத்துப்போன மாமி.
ஒருத்தரையும் கேக்கேல்லை. பக்கத்து வீட்டு அண்ணையின்ர ஓட்டோவில ஏத்தினன்.
அதே டொக்டர். ஏசினா நல்லாயிருந்திருக்கும். ஏசேல்லை. காலில சுத்தின சீலையை விலக்கிப் பாத்தார், முகம் மாறிப்போச்சு. மருந்து ஏத்தி, தானே போன் எடுத்து, யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்ஸ். கதவு சாத்தேக்க அப்பான்ர நெத்தியில கை வைச்சவர்.
வழிமுழுக்க அம்மா செபமாலை. தள்ளாடிச் சந்தி வரேக்க அப்பா ஒருக்காக் கண் திறந்தார். "சனலுக்கு நேரம் போகுதல்லோ?"

10, வெள்ளி. யாழ்ப்பாணம்
மழை இருட்டு. பெய்யேல்லை.
முழங்காலுக்குக் கீழ எடுத்திட்டினம். அம்மா கையெழுத்து வைச்சா, ரெண்டுதரம் பேனை விழுந்தது. உயிருக்கு இப்ப ஒண்டுமில்லையாம். "கிருமி இதுக்கு மேல ஏறாட்டி" எண்டும் சொன்னவை.
இன்னும் முழிக்கேல்லை. முழிச்சா ஆர் சொல்றது? அம்மா என்னைப் பாக்கிறா.
வீட்டில இருந்து கொண்டுவந்த பையைக் கட்டிலடியில அவிழ்த்தா. சறம், துவாய், சவர்க்காரம். அப்பான்ர செருப்புச் சோடி. ஒண்டை எடுத்துக் கையில வைச்சுக்கொண்டு நிண்டா. பிறகு ரெண்டையும் சேர்த்து நிலத்தில வைச்சா.