வாசல்நிலை வைத்த நாள்

வைகாசி, வியாழன் இரவு

அரியாலையில் நான் மேசன் வேலை செய்யும் வீட்டுக்கு இன்று காலை வாசல்நிலை வைத்தார்கள். அத்திவாரத்திலிருந்து அந்தச் சுவர்களைக் கட்டி வருபவள் நான். பெண் மேசன் என்று முதலில் சிரித்தவர்கள் பழகிவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன்.

நிலைக்குச் சாந்து குழைத்து முடித்ததும் வீட்டுக்கார அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"குறை நினையாதையும் பிள்ளை. நல்ல காரியம் நடக்கப்போகுது. நீர் புருசனை இழந்தனீர். கொஞ்சநேரம் றோட்டிலை நில்லுமன்."

என்னோடு வேலை செய்யும் செல்வம் அண்ணையைப் பார்த்தேன். அவர் குனிந்து நிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

படலைக்கு வெளியே வெயிலில் நின்றேன். உள்ளே தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்தபிறகு வீட்டுக்கார அம்மா வந்து, "இனி வாரும்" என்றார். திரும்பிப் போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் உள்ளே போய், நிலைக்கு இரண்டு பக்கமும் கல் வைத்துக் கட்டினேன்.

பின்னேரம் நான் வீடு திரும்பியதும் மகள் ஓடிவந்து கேட்டாள்.

"அம்மா, நிலை வைச்சாச்சோ?"

"ஓம்."

"நீங்களோ வைச்சனீங்கள்?"

"ஓம், நான்தான்."

விடிந்ததும் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லப் போகிறாளாம். சிரித்தபடியே தூங்கிவிட்டாள்.