ஓவன் யாருக்கு

14, சனி. காலையிலிருந்து மழை.

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஜார்ஜ் டவுனில் பேரா. சுலோச்சனாவுக்குப் பாராட்டு விழா. எங்கள் இயற்பியல் துறையின் முதல் பெண் பேராசிரியர். என் முதுகலை ஆய்வு அவரிடம்தான் நின்றுபோனது. ஆய்வகச் சூட்டு உலையில் வைத்த என் மாதிரிகள் வெடித்தன. இன்னொரு முறை கேட்டேன். உலைக்கு வரிசையில் ஆள் நிற்கிறது என்றார். "உங்களுக்கு ஆராய்ச்சி வராது." அதிலிருந்து பாயான் லெப்பாஸில் கணினிச் சில்லுத் தொழிற்சாலை. இப்போது பழுது ஆய்வுப் பிரிவுக்குத் தலைவன். மற்றவர்கள் செய்த தப்பைத் தேடும் வேலை.

கார் நிறுத்த இடம் கிடைக்காமல் நனைந்து போனேன். மண்டபத்தில் என் குடையையும் யாரோ எடுத்துவிட்டார்கள்.

பொன்னாடையோடு விழாக் கமிட்டித் தலைவர் எழுந்தார், அப்படியே நின்றார். பெண்ணுக்கு ஆண் போர்த்துவது வழக்கமில்லை. மேடையில் எல்லாரும் ஆண்கள். யாராவது ஒரு சகோதரி மேடைக்கு வரும்படி மைக்கில் கூப்பிட்டார். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டார்கள். பார்த்தால் எங்கள் பிரிவு யோகேஸ்வரி. சுங்கை பாக்காப் ஊர்ப் பெண், இளம் பொறியாளர். அவள்தான் போர்த்தினாள்.

பேரா. கேட்டார், மைக் ஆனில் இருந்தது: "கமிட்டியில பொண்ணே இல்லையா?"

"டீ, பலகாரம் எல்லாம் அவங்கதான் டாக்டர்."

"அப்ப டீ நல்லா இருக்கும். கமிட்டி?"

மண்டபமே சிரித்தது. நானும்.

பிறகு பேச்சு. அந்தக் காலத்தில் தனக்கு உலை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்குமாம், மற்ற நாளெல்லாம் ஆண்களுக்கு. பெண்ணுக்கு அறிவு உண்டா என்று இப்போது யாரும் கேட்பதில்லை, தப்பு செய்ய அவளை எத்தனை முறை விடுகிறீர்கள் என்று கேளுங்கள் என்றார். ஆண் செய்த பரிசோதனை தோற்றால் பரிசோதனைதான் தோற்றது, பெண் செய்தது தோற்றால் அவளுக்கு வராது என்கிறார்கள் என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. "வராது" அவருடைய சொல். தப்பு செய்ய என்னை எத்தனை முறை விட்டார்?

15, ஞாயிறு. வெயில்.

மீன், பல்பு, மாமியாருக்கு மருந்து. வாஷிங் மெஷின்காரன் இன்றும் வரவில்லை.

பேரா.வுக்குக் கடிதம். நாலு பக்கம். வெடித்த மாதிரி, வரிசை, நின்றுபோன உதவித்தொகை, ஒன்றையும் விடவில்லை. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமா அந்த அம்மா? அவங்களுக்கு உங்க பேரே ஞாபகம் இருக்காது லா."

கடிதத்தை மடித்து வைத்தேன். மீனில் உப்பு அதிகம்.

16, திங்கள். புழுக்கம்.

காலைக் கூட்டம். யோகேஸ்வரியின் பரிசோதனை பற்றி. ஈரச்சூட்டில் சில்லின் அடியில் பசை உரிகிறது, அதுதான் பிரச்சினை. பசையை இறுக வைக்கும் ஓவனில் சூட்டை மெதுவாக ஏற்றினால் ஒட்டும் என்பது அவள் எண்ணம். செய்து பார்த்தாள். முழுசும் உரிந்துவிட்டது. இன்னும் மெதுவாக ஏற்றிப் பார்க்கிறேன் என்று கேட்கிறாள்.

மேனேஜருக்கு இஷ்டமில்லை. ஆவணப் பிரிவுக்கு மாற்றிவிடலாம், பெண்கள் எழுதினால் சுத்தமாக இருக்கும் என்றார். கடைசியில் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதினால் ஒரே வரி: ஆராய்ச்சி இந்தப் பெண்ணுக்கு வராது.

அவள் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாரும் என்னை. ஓவன் அட்டவணை என் கையில்.

புதன்கிழமை ஓவன் காலி, அவளே மறுபடி செய்யட்டும் என்றேன். திரும்பவும் உரிந்தால் தப்பை உன் பேரில்தான் எழுதுவேன் என்றார். எழுதுங்கள் என்றேன்.

இரக்கம் எல்லாம் இல்லை. அந்த வரியை இரண்டாவது தடவை கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. அவ்வளவுதான்.

18, புதன். மழை மேகம், பெய்யவில்லை.

ஓவன் அவளிடம். நான் பல் டாக்டரிடம்.

20, வெள்ளி. மழை.

உரிந்துவிட்டது.

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை வருஷக் கடைசி மதிப்பீட்டில் தெரியும். யோகேஸ்வரி என் மேசைக்கு வந்தாள். முகத்தில் அழுகையைத் தேடினேன். இல்லை.

"சார், தோத்துடுச்சு. ஆனா இது வேற தோல்வி சார். போன தடவை முழுசும் உரிஞ்சது. இப்ப மூலையில மட்டும். சூடு அங்கதான் முதல்ல ஏறுது போல."

நுண்ணோக்கியில் பார்த்தேன். மூலையில் மட்டும்தான். என் உலையில் வெடித்தது எந்தப் பக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பார்க்க விடவில்லை.

அடுத்த புதனும் அவளுக்கே எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து நாலு பக்கத்தையும் கிழித்தேன். புதிதாக எழுதியது:

"நீங்கள் மேடையில் சொன்னது சரி. எனக்குச் செய்தது தப்பு. இரண்டும் அப்படியே இருக்கட்டும். உங்களுக்குப் பொன்னாடை போர்த்திய பெண்ணுக்கு மூன்றாவது முறை ஓவன் கிடைத்திருக்கிறது."

கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். போட்டால் நன்றிக் கடிதம் என்று நினைத்துக்கொள்வார். மன்னித்துவிட்டேன் என்றும் நினைப்பார். வேண்டாம். நாளை பாயான் பாரு தபால் பெட்டியில், பேர் இல்லாமலே.