உன்னை எந்தப் பகுப்பில் வைப்பது

சுண்டு,

இன்று காலையில் உன் போன் சிணுங்கியது. ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்திருக்கிறேன், நம் வீட்டில் அங்கேதான் டவர் எட்டுகிறது. நீ போன பிறகும் அதற்குச் சார்ஜ் போடுவதை நான் நிறுத்தவில்லை. உன் மாமாவும் ஒன்றும் சொல்வதில்லை. ரீசார்ஜ் முடிகிற நேரத்தில், நான் கேட்காமலே கடையில் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்.

புளி உடைத்துக்கொண்டிருந்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடினேன். நீதான் கூப்பிடுகிறாய் என்று நினைத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது, உன் போனுக்கு நீ எப்படிக் கூப்பிடுவாய்?

நீ இணையத்தில் எழுதிவந்த அந்த விக்கியிலிருந்து வந்த சேதி அது. நீ எழுதிய புளியமரப் பக்கத்தில் யாரோ ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். நீ எழுதியதை யார் தொட்டாலும் உனக்குத் தெரியும்படி வைத்திருந்தாய். அது இன்னும் உனக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். நீ மலையிறங்கிப் போய்ப் படித்து, டீச்சராகத் திரும்பி வந்தாய். கல்யாணம் இப்போது வேண்டாமென்று என் வீட்டிலேயே தங்கினாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதே ஜன்னலோரம் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவாய். என்னடி எழுதுகிறாய் என்று முதலில் கேட்டபோது, பல ஊர் வாத்தியார்கள் சேர்ந்து பிள்ளைகளுக்காக இணையத்தில் எழுதுவது, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம், கூட்டலாம் என்று சொன்னாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. அதில் நம் மலைப் பக்கங்கள் எல்லாம் எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன, நம் பிள்ளைகள் தேடினால் கிடைப்பதில்லை என்று வருத்தப்பட்டாய்.

"எழுதிட்டா போதாதுக்கா. எத்த எதோட வெக்கிறோம்னு இருக்குது. சரியான பகுப்புல போடலன்னா, எழுதாத மாதிரிதான்."

அந்தப் பகுப்பு என்கிற சொல்லை உன்னிடம்தான் கேட்டேன். ஒரே மாதிரியான பக்கங்களை ஒரு தலைப்புக்கு அடியில் சேர்த்து வைப்பது. சாமையும் கேழ்வரகும் தானியங்களில். தேனும் கடுக்காயும் காட்டுப் பொருட்களில். எல்லாமே ஜவ்வாது மலை என்கிற பெரிய பகுப்புக்குள். கடுக்காய் மருந்து ஆயிற்றே என்றேன். மருந்திலும் போடலாம், மரத்திலும் போடலாம், ஒரு பக்கம் எத்தனை பகுப்பில் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாய்.

"அது எப்படிடி, ஒண்ணு நாலு எடத்துல இருக்கும்?"

"நீ இல்லையா? எனக்கு அக்கா, மாமாவுக்குப் பொண்டாட்டி, மகளிர் குழுவுல மெம்பரு, பக்கத்து வூட்டுக்காரிக்கு எதிரி."

"ஆமாண்டி, எந்தப் பகுப்புல போட்டாலும் சோறு ஆக்குறது மட்டும் நாந்தான்" என்றேன். உன் மாமா வெளியிலிருந்து சிரித்தார்.

நீ தப்பும் செய்வாய். மரங்கள் என்கிற பகுப்பைக் காட்டுப் பொருட்களுக்குள் வைத்தாய். இன்னொரு நாள் மறந்துபோய், காட்டுப் பொருட்களைக் கொண்டுபோய் மரங்களுக்குள் வைத்துவிட்டாய். அது வழியாகப் போகிறவர் இதற்கு வருவார், இது வழியாகப் போகிறவர் மறுபடி அதற்கே போவார். வாத்தியார்கள் உங்களையெல்லாம் இதில் ஒன்றுசேர்த்த சந்தவாசல் ஊர் சார் போன் செய்து கேலி செய்தார். நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய்.

"இன்னா டீச்சர், உங்க மலைக்குள்ள பூந்தா வெளிய வர முடியலீங்களே. சுத்திச் சுத்தி அதே மரத்துக்கிட்ட வந்து நிக்கிறேன்."

"மொத தபா மலையேறி வர்றவங்களுக்கு அப்டித்தான் சார் இருக்கும். பழகிப்பூடும்."

போனை வைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு அதைச் சரி செய்தாய். ஆனால் அவர் தப்பு செய்தால் நீ விடமாட்டாய். யாராவது ஒரே ஒரு பக்கம் எழுதிவிட்டு அதற்கென்று புதிதாக ஒரு பகுப்பைத் திறந்தால் உனக்குக் கோபம் வரும். "ஒத்தப் பக்கத்துக்குப் பகுப்பு எதுக்கு சார்? கூட ரெண்டு சேரட்டும், அப்பறம் தொறக்கலாம்" என்று அவரிடமே சண்டை பிடித்தாய்.

ஆடி மழையில் காய்ச்சல் என்று படுத்தாய். ரெண்டு மாத்திரையில் போய்விடும் என்றுதான் நினைத்தோம். பிறகு ஜீப் பிடித்து இறங்கினோம், வேலூர் வரை போனோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையை நீட்டி, "போனைக் குடுக்கா, கடுக்காய்ப் பக்கத்தைப் பாதியில வுட்டுட்டேன்" என்றாய். "கம்முனு படு, வூட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றேன். நான் சொல்லி நீ கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

போன வாரம் சந்தவாசல் சார் கூப்பிட்டார். ஒரு விஷயம் கேட்க வேண்டும், மலைக்கு நானே வருகிறேன் என்றார். நான் வேண்டாமென்று சொல்லிவிட்டு, போளூர் போய் பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார். சார் என்னைப் பார்க்காமல் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இப்ப அவங்க பேரு 'எழுதும் ஆசிரியர்கள்'ன்ற பகுப்புல இருக்குதும்மா. அத்த மாத்தணும். 'மறைந்த ஆசிரியர்கள்'னு ஒண்ணு தொறந்து அதுல வெக்கலாம்னு எல்லாரும் பேசினோம். வூட்டுல கேக்காம செய்யக் கூடாதில்லீங்களா, அதான்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அதுல வேற யாரு சார் இருக்காங்க?"

"இன்னும் யாரும் இல்லீங்கம்மா."

"அப்ப ஒத்தப் பக்கத்துக்கா தொறக்கப் போறீங்க? அவ ஒத்துக்க மாட்டா சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரியும்மா. அதுக்கு எனக்கே திட்டு வுழுந்திருக்குது" என்றார்.

"அவ இருக்கிற எடத்துலயே இருக்கட்டும் சார். யாருக்கு இன்னா எடஞ்சலு?"

"அப்டியே வுட்டுட்லாம்மா. நீங்க சொன்னா நாங்க தொட மாட்டோம். ஆனா இத்த ஒரு வாட்டி பாருங்க."

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். உன் பெயர் போட்ட பக்கம். அதற்குக் கீழே கேள்விகள். கணியம்பாடிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று கேட்டிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'டீச்சர், கடுக்காய் எந்த மாசத்தில் பொறுக்குவார்கள்?' அதற்கும் கீழே, சில நாள் கழித்து, 'டீச்சர், பதில் போடுங்க.' அதற்கும் கீழே, 'டீச்சர், என் மேல் கோவமா?'

"நீங்க இன்னும் எழுதிட்டிருக்கிறதா அந்தப் பகுப்பு காட்டுதும்மா. அத்தப் பாத்துட்டுத்தான் புள்ளைங்க கேக்குது. உங்களக் கேக்காம இன்னா பதிலு போடறதுன்னு தெரியாம நாங்க எல்லாரும் வாயப் பொத்திக்கினு இருந்தோம்." முதலில் நீங்க என்று உன்னைத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே தெரிந்தது, தலையைக் குனிந்துகொண்டார்.

உன்னை அந்த இடத்தை விட்டு எடுக்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துகொண்டு போயிருந்தேன், சுண்டு. ஊரெல்லாம் உன்னை இல்லை என்று சொன்னாலும் அங்கே ஒரு இடத்திலாவது நீ எழுதிக்கொண்டிருக்கிறவளாக இரு என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளை உனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு அங்கே நிற்கிறது. பிள்ளைகள் கேட்டு நீ பதில் சொல்லாமல் போனதாக யாரும் உன்னை நினைக்கக் கூடாது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"மொதல்ல அந்தப் புள்ளைக்கு நான் பதிலு சொல்றேன் சார். அப்பறம் மாத்துங்க" என்றேன்.

அவர் எழுதுகிறேன் என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். ஒவ்வொரு எழுத்தாக அவர் காட்டக் காட்ட, ஒற்றை விரலால் தட்டினேன். வெகு நேரம் ஆயிற்று. 'பனி விழ ஆரம்பித்ததும் பொறுக்குவோம் கண்ணு. மாசி வரைக்கும் கிடைக்கும். டீச்சருக்கு உன் மேல் கோபம் இல்லை. டீச்சர் காய்ச்சலில் இறந்துவிட்டாள். நான் டீச்சருடைய அக்கா.'

அதற்குப் பிறகு சார் ஏதோ இரண்டு இடத்தில் அழுத்தினார். பெரிய எழுத்தில் புதுத் தலைப்பு. அதற்கு அடியில் உன் பெயர் மட்டும். கீழே வெறும் வெள்ளை. அந்த வெள்ளையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எழுதிய பக்கங்களை யாரும் நகர்த்தவில்லை, சாமை சாமையிடத்தில், தேன் தேனிடத்தில் என்று சார் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். காட்டிக்கொண்டே அழுதார்.

உன்னிடமிருந்து இந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. எதைக் கையில் எடுத்தாலும், இது எதோடு சேரும் என்று மனசு கேட்கிறது. உன் சேலைகளை இன்னும் மடித்து எங்கேயும் வைக்கவில்லை. என் சேலைகளோடு வைத்தால் என்னுடையவை ஆகிவிடும். தனியாக வைத்தால், யாருக்கோ கொடுப்பதற்கு எடுத்து வைத்தது மாதிரி இருக்கிறது. கொடியில் கிடக்கின்றன.

திரும்பி வரும்போது, போளூரில் பஸ் ஏறினதும் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்தாள். மடியில் கோழிக்கூடை. மலையில் பெண் கொடுத்திருக்கிறாளாம், பார்க்கப் போகிறாளாம். நல்ல வாய். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், கொல்லி நிலத்தில் என்ன பயிர் போட்டிருக்கிறீர்கள் என்று எல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் கேட்டாள்.

"கூடப் பொறந்தவங்க எத்தினி பேரும்மா?"

வாயைத் திறந்தேன். ஒரு தங்கச்சி என்று சொன்னால், எங்கே இருக்கிறாள் என்று அடுத்துக் கேட்பாள். யாரும் இல்லை என்றால், நீ பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். பஸ் கொண்டையூசித் திருப்பத்தில் ஏறியது, அந்த அம்மா கோழிக்கூடையைப் பிடித்துக்கொண்டாள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பேச்சு அப்படியே நின்றுபோனது. அன்றைக்குத் தப்பித்துவிட்டேன்.

மறுபடியும் யாராவது கேட்பார்கள், சுண்டு. உன்னைச் சேர்த்துச் சொல்லட்டுமா, விட்டுவிட்டுச் சொல்லட்டுமா?