வெள்ளை ஏறும் பவளம்

செவ்வாய், காலை

வீட்டில் இல்லாத வீட்டுக்காரருக்கு,

நலமா என்று கேட்க நேரமில்லை. நம் கடல்நீர்த் தொட்டியின் நீலக் கிளைப் பவளத்தின் அடியில் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிகிறது. நேற்று நகத்தளவு இருந்தது, இன்று கிளை பிரியும் இடம்வரை வந்துவிட்டது. "நீ வேலைக்குப் போனப்புறம் வந்து தொட்டியைப் பார்த்துக்கிறேன், உன் கண்ணுல படமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, என்னத்தைப் பார்க்கிறீர்கள்? கல்யாணமான புதிதில் நாம் சண்டை போடாமல் சேர்ந்து வாங்கியது அது ஒன்றுதான். அதையும் சாக விடாதீர்கள்.

இதைத் தொட்டி மூடிமேல் வைத்துவிட்டு கிளினிக்குக் கிளம்புகிறேன். பதிலையும் அங்கேயே வையுங்கள்.

இங்கேயே இருப்பவள்

செவ்வாய், மதியம்

கோபக்காரிக்கு,

பார்த்தேன். எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது, போய்ச் சரிசெய் என்று ஆபீசிலிருந்து போன்மேல் போன். எடுக்காமல் தண்ணீரைச் சோதித்தேன். கார அளவு தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது, சதை உரியாமல் என்ன செய்யும்? பவளம் வளர ஊற்றும் காரக் கரைசலை நான் தினமும் ஒரு மூடிதான் ஊற்றுகிறேன். நீ ஏதாவது ஊற்றினாயா? ஊற்றியிருக்க மாட்டாய். தொட்டிப் பக்கம் திரும்பியாவது பார்த்திருக்கிறாயா நீ!

தொட்டிக்காரன்

புதன், காலை

தொட்டிக்காரருக்கு,

ஊற்றினேன். தினமும் காலையில், பல் தேய்த்த கையோடு, ஒரு மூடி. "என்னைவிட உங்களுக்கு இந்தத் தொட்டிதான் பெரிசு"ன்னு கத்தி உங்களை அனுப்பியவளுக்கே அதைப் பட்டினி போட மனசு வரவில்லை. நீங்கள் வந்து மீனுக்கு இரை மட்டும் போடுகிறீர்கள் என்று நினைத்தேன். ஐயோ, தினமும் இரண்டு பேருமே ஊற்றியிருக்கிறோம்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரி, நானும்தான் சொல்லவில்லை. இப்போது என்ன செய்வது? சீக்கிரம் எழுதுங்கள்.

புதன், மதியம்

கோபக்காரிக்கு,

இரண்டு தடவை படித்தேன். நீ ஊற்றுவாய் என்று கனவிலும் நினைக்கவில்லை.

கரைசலை இருவரும் நிறுத்துவோம், அளவு மெதுவாக இறங்கட்டும். நுனிகளையாவது காப்பாற்ற வேண்டும். வெள்ளைக்கு மேலே, நல்ல சதையில் ஒரு விரல் தள்ளி வெட்டி, அயோடின் கலந்த தொட்டித் தண்ணீரில் முக்கி, புதுக் கல்லில் ஒட்ட வேண்டும். இன்று முடியாது, லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார். நாளை மதியம் வந்து வெட்டுகிறேன். நீ தொடாதே, கை நடுங்கும்.

வியாழன், காலை

பல் பிடுங்கும்போது டாக்டர் பக்கத்தில் நிற்கிறவளுக்கா கை நடுங்கும்? நேற்றுச் சாயங்காலம் வந்து பார்த்தால் வெள்ளை பாதிக்கு மேல் ஏறிவிட்டது. உங்களுக்காக அது காத்திருக்குமா? நானே வெட்டினேன். மூன்று நுனிகள் தேறின. இன்று காலை மூன்றும் குட்டி வாய்களைத் திறந்து நிற்கின்றன. சந்தோஷத்தில் அழுதேன். சொல்லத்தான் ஆளில்லை.

இனி மதியத்தில் வராதீர்கள். இப்படி ஒளிந்து ஒளிந்து பார்த்துக்கொண்டதால்தான் இந்த கதி. இன்று ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன். மணியடித்து வாருங்கள். என் முகத்தைப் பார்க்க முடியாதென்றால் தொட்டியையும் பார்க்க வேண்டாம்.

இங்கேயே இருப்பவள்

வெள்ளி, காலை

இங்கேயே இருப்பவளுக்கு,

இதை வாசல் தபால் பெட்டியில் போடுகிறேன். மூன்று நுனிகளும் பிழைத்ததை ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "என் வீட்டுக்காரி வெட்டினாள்" என்று.

நேற்று ஆறு மணிக்கு வந்தேன், கதவுவரை. உள்ளே நீ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியாதா? உள்ளே வந்திருந்தால் நேராகத் தொட்டிக்கிட்டேதான் போயிருப்பேன். உன்னிடம் வந்திருக்க மாட்டேன். மணிமேல் வைத்த கையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கோழை என்று திட்டிக்கொள்.

என்னிடமிருந்த வீட்டுச் சாவி இந்த உறைக்குள் இருக்கிறது. கார அளவு பழையபடி இறங்கியதும், காலையில் கரைசலை நீ மட்டும் ஊற்று.