அவளுக்கு எதிராக ஒரு கை

ஆமாம் காயத்ரி, ஜோதிலட்சுமிக்கு எதிராகத்தான் நானும் கை தூக்கினேன். உன்னோடு படித்தவள். ஊராட்சித் தலைவர் தேர்தலில் நான் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டதும் அவளுக்காகத்தான். நீயுமா அம்மா என்று போனில் கேட்டாய். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். இங்கே எங்களுக்குக் குறையில்லை, அப்பாவின் இருமல் அடங்கிவிட்டது, உன் ஊர்க் குளிர் உன்னை விட்டுவைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கிராம சபை நடக்கிற அதே நேரத்தில்தான் நம் ஊரில் குழாயில் தண்ணீர் விடுவார்கள், ஞாபகம் இருக்கும். யாருடைய சதியும் இல்லை, பழகிவிட்டது. பெண்கள் குடத்தோடு நிற்பார்கள், ஆண்கள் தீர்மானம் போடுவார்கள். தலைவரானதும் ஜோதி தண்ணீரை விடியற்காலைக்கு மாற்றினாள். இந்த மே தினத்தன்று சபை கூடிய புயல் பாதுகாப்புக் கட்டடம் முழுக்கப் பெண்கள். அவள் கொண்டுவந்த தீர்மானம், கடற்கரை மணலில் கார் நிறுத்துமிடம். மாமல்லபுரம் போகிற கார்கள் நின்றால் ஊராட்சிக்கு வருமானம், தெருவுக்கு விளக்கு. தேர்தலில் அவள் கொடுத்த வாக்குறுதி. திட்டம் நல்லது, இடம் தப்பு. அந்த மணலில்தான் மீன் விற்கிற வேண்டாவும் மற்றப் பெண்களும் கருவாடு காயவைக்கிறார்கள். வேண்டா எழுந்து, ஓட்டு உனுக்குத்தான் போட்டேன் ஜோதி, அதுக்கோசரம் கருவாட்ட உன் தலையிலயா காய வெக்கிறது என்றாள். ஜோதியே சிரித்துவிட்டாள். அவள் கணவன் மோகன் பின்னாலிருந்து, இன்னாத்துக்கு பேசிகினு கீறீங்க, கம்பு கூட நட்டாச்சு என்றான். நீ ஒக்காரு, இங்க உனுக்கும் ஒரு கைதான் என்றாள் ஜோதி அவனிடம். தீர்மானம் வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னாள். நான் தூக்கியபோது என்னைப் பார்த்தாள். ஒரு கணம். பிறகு எண்ணினாள், என் கையையும் சேர்த்து. தோற்றதை அவளே அறிவித்தாள், குரல் சற்று இறங்கியிருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் நேரத்தை மாற்றாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாள். அது அவளுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கும் தண்ணீர் விடியற்காலையில்தான் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். அவளுக்காக மறுபடியும் வீடு வீடாகப் போவேன்.

உன் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கு நேரமில்லை என்றாயே. போய் உட்கார், ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடு. நல்லது எல்லாம் உன்னைத் தேடி வரட்டும்.

உன் அம்மா,
ரேணுகா

பி.கு.: மறுநாள் காலை ஜோதி கடற்கரைக்குப் போய், நட்டிருந்த கம்புகளைப் பிடுங்கினாள். கருவாட்டுப் பந்தலுக்கு ஆகும் என்று வேண்டா கேட்டாள். ஜோதி அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.