வத்தல்மலையில் நீ முறுக்காமல் விட்ட நட்டு

என் பிரியத்துக்குரிய மச்சான் மாதேஷுக்கு,

தலையில் கட்டி என்று டாக்டர் சொன்ன ஐந்தாம் நாளே போய்விட்டாய். எட்டு மாதமாகிறது. இனிமேலாவது செல்போன் டவர் வேலையில் கோவிந்தராஜுதான் கெட்டிக்காரன் என்று நாலு பேர் சொல்வார்கள் என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை. நீ உயிரோடு இருந்தபோதாவது உன்னைப் பற்றிக் குறை சொல்ல ஒருவரிருவர் இருந்தார்கள், இப்போது அவர்களும் உன் பக்கம்.

உன்னிடம் என்ன ஒளிவு மறைவு? எனக்கு உன்மேல் பொறாமை. பதினாறு வருடம் சேர்ந்து ஏறியபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

நம் சூப்பர்வைசர் சம்பத் சார் புதிதாக வருகிறவர்களிடம், "மாதேஷ் ஒரு ஆன்டெனாவக் கட்டுனா காத்துகூட கேட்டுட்டுத்தான் தொடும்" என்கிறார். பக்கத்தில் நான் டீ குடித்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டில் ஃபேன் கடகடவென்றால் என் மனைவி கலா, "மாதேஷண்ணன் இருந்திருந்தா ஒரு நிமிசத்துல சரி பண்ணிருக்கும்" என்கிறாள். கட்டிய புருசன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன் மச்சான்! அந்த ஃபேனை மாட்டியதே நான்தான். சரி, அதை விடு.

போன மாதம் வத்தல்மலைக்குப் போனோம். அங்குள்ள டவரில் பழைய ஆன்டெனாவை இறக்கிவிட்டு, அதைவிடக் கனமான புதிய ஆன்டெனாவை மாட்ட வேண்டும். ஆன்டெனா தொங்கும் பைப்பை டவரின் காலோடு பிடித்திருக்கிற மேல் கிளாம்ப், கீழ் கிளாம்ப் இரண்டும் நீ போட்டவை. உனக்குக் கடைசியாகிப்போன அந்த மழைக்காலத்தில் போட்டாய். அன்று அதே டவரின் எதிர்க்காலில் நான் இன்னொரு ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா?

"கிளாம்ப்பு மாதேஷ் போட்டது கோவிந்தராஜு. அதப் போயி நோண்டிட்டு இருக்காத. நேரா ஆன்டெனாவ மாட்டிட்டு எறங்கு" என்றார் சம்பத் சார்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதையே நான் கட்டியிருந்தால், எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடு என்றிருப்பார். உன் வேலையில் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் இறங்குவதில்லை என்ற முடிவோடு ஏறினேன். பாதுகாப்பு, பொறுப்பு என்றெல்லாம் நான் நினைத்ததாகப் பொய் சொல்ல மாட்டேன்.

மேல் கிளாம்ப்பில் ஒன்றும் சிக்கவில்லை. நாலு போல்ட்டும் கல்லாக நின்றன. எரிச்சலோடு கீழ் கிளாம்ப்புக்கு வந்தேன். டவர் காலுக்கு அந்தப்புறம், கையை வளைத்து நுழைத்தால்தான் எட்டும் இடத்தில் இரண்டு நட்டுகள். விரல் பட்டதுமே சுற்றின. முதல் நட்டு கழலாமல் பிடித்துக்கொள்ள அதன்மேல் போடுவோமே செக் நட்டு, அது இரண்டிலும் இல்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் சிரித்தேன். அவ்வளவு உயரத்தில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, "மாட்னியாடா மாதேஷு!" என்று சத்தமாகவே சொன்னேன்.

அப்புறம்தான் கீழே பார்த்தேன். டவர் வேலியை ஒட்டிய பாறையில் இரண்டு பெண்கள் ராகி காயவைத்துக்கொண்டிருந்தார்கள். தினமும் அங்கேதான் காயவைப்பார்களாம். உன்மேல் எனக்கு வெறும் பாசம் மட்டும் இருந்திருந்தால், உன்னை நம்பி அந்தக் கனத்தை அந்தக் கிளாம்ப்பில் மாட்டிவிட்டு இறங்கியிருப்பேன். அடுத்த பெருங்காற்றுக்கு என்ன ஆகியிருக்கும்?

அதற்குள் என் கை தானாக ஸ்பேனரை எடுத்து இரண்டு நட்டையும் இறுக்கி, செக் நட்டும் போட்டுவிட்டது. லூசாக ஒன்றைக் கண்டால் நம் கை சும்மா இருக்குமா? போட்டோ எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இறங்கி வந்த பிறகு தலையில் அடித்துக்கொண்டேன்.

"சார், மாதேஷ் போட்டதுல ரெண்டு நட்டு லூசா இருந்துச்சுங்க. அந்த மழைக்காலத்துல அவன் கட்டுன டவரு எல்லாத்தயும் ஒருக்கா பாத்துரலாங்க."

"போட்டோ எங்க?"

"இறுக்கிட்டங்க சார்."

சம்பத் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவன்மேல உனக்கு இருக்கற வயித்தெரிச்சல் ஊருக்கே தெரியும். செத்தவனயாவது வுட்டுருய்யா."

மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த மழைக்காலத்தில் நீ கட்டியதில் இண்டூர், பாலக்கோடு, பொம்மிடி டவர்கள் பாக்கி. பாலக்கோட்டு டவர் தக்காளி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விடிந்தால் வண்டியும் ஜனமும் அதன் அடியில்தான் நிற்கும். சம்பத் சார் அனுமதி வாங்கித் தராமல் நான் ஏற முடியாது. பொறாமைக்காரன் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள் மச்சான்?

விஷயம் உன் மனைவி செல்வி காதுக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். திட்டித் தீர்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கத்து நட்டுங்ண்ணா?" என்று கேட்டாள்.

"வலது கைய நொழச்சி முறுக்கற பக்கம்மா."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "கடைசி நாலு மாசமா அவருக்கு வலது கையில புடிமானமே இல்லீங்ண்ணா. தண்ணி பாட்டில் மூடியக்கூட நாந்தான் தொறந்து குடுப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னாலும் கேக்கல. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

எனக்கு வந்த கோபத்தைக் கேள். எதிர்க்காலில்தானே தொங்கிக்கொண்டிருந்தேன்? "மச்சான், இதக் கொஞ்சம் இறுக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய்?

"எனக்காச்சும் சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"உங்களுக்குத்தான் சொல்லவே கூடாதுன்னாரு."

"ஏன்?"

"கோவிந்தராஜு என்னவிட சுத்தமா கட்டுறான், என் கை போச்சுன்னு தெரிஞ்சா என் எடத்துல அவன நிக்க வெச்சுருவாங்கன்னு பொலம்பிட்டே இருப்பாருங்ண்ணா. உங்கமேல அவருக்கு அவ்ளோ பொறாம."

பதினாறு வருடமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை மச்சான் அது. நீ உயிரோடு சொல்லியிருந்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருப்பேன். செல்வி எதிரில் நின்று குழந்தை மாதிரி அழுதேன். நீ ஒப்புக்கொண்டாயே என்றா? இல்லை, ஒரே டவரின் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு ஒருவனைப் பார்த்து ஒருவன் வயிறெரிந்தோமே என்றா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

செல்வி நேராகப் போய் சம்பத் சாரிடம் உன் கையைப் பற்றிச் சொல்லிவிட்டாள். சத்தியத்தை மீறிவிட்டாள் என்று அவளைக் கோபித்துக்கொள்ளாதே. "யாரு தலைலயாவது வுழுந்தா அவுருக்கு அந்தப் பழி வேணாங்க" என்றாளாம். சம்பத் சார் என்னிடம் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. மூன்று டவருக்கும் அனுமதி வாங்கிக் கொடுத்து, "நீயே ஏறிப் பாத்துரு" என்றார்.

இண்டூர் முடிந்தது. அங்கேயும் அதே பக்கம், ஒரு நட்டு. போட்டோ எடுத்துவிட்டுத்தான் இறுக்கினேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. பிடிமானமில்லாத கையை அந்த இடத்தில் நுழைத்து எவ்வளவு நேரம் போராடினாயோ என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே தொங்கினேன்.

நாளைக்குப் பாலக்கோடு, அடுத்து பொம்மிடி. நீ கட்டியதில் ஒரு போல்ட்டைக்கூட விடாமல் பார்த்துவிடுவேன், இது என் வாக்கு. இத்தனை வருடம் உன் வேலையில் ஒரு குறை கிடைக்காதா என்று பார்த்தவன், நாளைக்கு ஒன்றுகூடக் கிடைக்கக் கூடாதென்று சாமி கும்பிட்டுவிட்டு ஏறப்போகிறேன். நீயே ஜெயித்துத் தொலை மச்சான்.

இப்போதும் உன்மேல் வயிறெரியும்
உன் மச்சான்,
கோவிந்தராஜு